'லொசோஸ்' ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல் அல்ல

ஒருவர், சால்மன் மீனைக் குறிக்கும் 'லொசோஸ்' என்ற ரஷ்யச் சொல் ஜெர்மனின் 'லாக்ஸ்' என்பதிலிருந்து கடன் வாங்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். ஒலி ஒத்திருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது சரியில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை.

சொல்லின் நடுவைக் கவனியுங்கள். ஜெர்மனில் 'க்' இருக்கிறது, ரஷ்யனில் இல்லை. கடன் வாங்கியிருந்தால் அந்தக் 'க்' எங்கே போனது? ஜெர்மன், ரஷ்யன், லத்தீன் எல்லாவற்றுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒருவகைக் ககரம், ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளில் 'ஸ்' ஆவது பழைய விதி. லத்தீனில் பத்து 'தெகெம்', ரஷ்யனில் 'தேசியத்'. நூறு அங்கே 'கெந்தும்', இங்கே 'ஸ்தோ'. அதே மாற்றம்தான் இந்த மீன் பெயரிலும் நடந்திருக்கிறது. பக்கத்து பால்டிக் மொழிகளும் சாட்சி: லித்துவேனியனில் 'லாஷிஷா', லாத்வியனில் 'லாசிஸ்'.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி தொலைவில் இருக்கிறது. இன்றைய சீனாவின் தாரிம் படுகையில் வழங்கி அழிந்த தொகாரிய மொழியில் 'லக்ஸ்' என்றால் பொதுவாக மீன். சால்மனே இல்லாத பாலைவனத்து ஓரத்தில், பெயர் மட்டும் பொருள் விரிந்து தங்கிவிட்டது!

கடன் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஹெர்ரிங் மீனைச் சொல்லுங்கள். ரஷ்ய 'சேல்த்', போலிய 'ஷ்லெஜ்' இரண்டும் ஸ்காண்டிநேவிய 'சீல்ட்' வழி வந்தவை. அப்புறம், நியூயார்க் கடைகளில் விற்கும் பதப்படுத்திய சால்மனின் பெயரான 'லாக்ஸ்', ஐரோப்பிய யூதர்களின் ஜெர்மானிய மொழியான இத்திஷ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அந்தச் சொல்லுக்கு ஜெர்மானிய வழி பொருந்தும், 'லொசோஸ்' என்பதற்குப் பொருந்தாது.