ஒரு இலைக்கு நாலு முதலாளி

"ஆய்வு செய்யப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது."

இங்கிலாந்துல எங்க சின்ன ஊர்ல தெரு வடிகால் அடைச்சிருக்குன்னு கவுன்சிலுக்குப் போட்ட புகாருக்கு வந்த பதில் இது. மூணே வரி. அதுக்குக் கீழ "எங்கள் சேவை எப்படி இருந்தது?"ன்னு அஞ்சு நட்சத்திரம் வேற. மெயில் வந்து விழுந்த நேரத்துல வெளியில கொட்டோ கொட்டுன்னு மழை. மார்க்கெட் பிளேஸ்ல இருந்து சர்ச்சுக்கு இறங்குற தெருவுல, அந்தக் "குறை காணப்படாத" வடிகால் மேல கணுக்கால் அளவு தண்ணி. அதுக்கு மேல ப்ளேன் மரத்து இலை பாய் விரிச்ச மாதிரி மிதக்குது.

சாட்சிக்குப் போட்டோ இணைச்சிருக்காங்க. பளிச்சுன்னு வெயில். தெரு காஞ்சு கிடக்கு. அதாவது மழை விட்டு, தண்ணியெல்லாம் தானா வத்தி, நாலு நாள் ஆறப்போட்டு, நல்ல வெயில் அடிக்கிற மத்தியானமாப் பார்த்து வந்திருக்காரு ஆய்வாளர். காஞ்ச தெருவுல தண்ணி தேங்கலைங்கிறதைக் கண்டுபிடிக்க ஒரு ஆபீசர், ஒரு வேன், கையில ஒரு டேப்லெட்! அது கூடப் பரவாயில்ல. போட்டோவைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. அதுல வடிகாலே இல்ல. ஒரு நீலக் காரோட முன் சக்கரம் இருக்கு. வடிகால் அந்தச் சக்கரத்துக்கு அடியில இருக்கு. குறை காணப்படவில்லையாம். ரொம்ப உண்மை. வடிகாலே காணப்படலையே, அப்புறம் குறை எங்கருந்து காணப்படும்?

இந்த மூணு வரியை வாங்கவே எத்தனை வாசல் ஏறி இறங்கணும்னு இங்கிலாந்துல சின்ன ஊர்ல இருக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்ல. இருந்தாலும் வயித்தெரிச்சல், சொல்லியே ஆகணும். கவுண்டி கவுன்சில் (பெரிய வட்டாரத்துக்கான உள்ளாட்சி, ரோடு அவங்க பொறுப்பு) இணையப் பக்கத்துல "இலை"ன்னு தட்டினா, அது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் (அதுக்குள்ள இருக்கிற சின்னப் பகுதிக்கான உள்ளாட்சி) வேலைன்னு அங்க அனுப்பும். அங்க போனா, "இலைகளால் தண்ணீர் தேங்கியுள்ளதா?" ஆமான்னு சொன்னா, தண்ணி தேங்கினா அது கவுண்டி வேலைன்னு கிளம்பின இடத்துக்கே திருப்பி விடும். இல்லைன்னு பொய் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க. அடுத்து மேப்ல குண்டூசி குத்தணும். வடிகால் மேல சரியாக் குத்தினா "இந்த இடம் பொதுச்சாலையில் இல்லை." ஒரு நூல் தள்ளிக் குத்தினா பக்கத்து பப் கூரை மேல போய் நிக்குது. போட்டோ 5 எம்பிக்குள்ள இருக்கணுமாம். இன்னிக்கு எந்த போன் அவ்வளவு சின்னதாப் படம் எடுக்குது? அப்புறம் ஒரு கேள்வி வரும் பாருங்க: "தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிறதா?" இல்லைன்னா "குறைந்த முன்னுரிமை." ஆமான்னா "உடனே தொலைபேசியில் அழைக்கவும்." அழைச்சா, பதிவு பண்ணின குரல் ஒண்ணு தேனொழுகச் சொல்லும்: "இதை ஆன்லைனில் இன்னும் சுலபமாகத் தெரிவிக்கலாம்."

இவ்வளவுக்கும் மூல காரணம் என்னன்னா, ஒரு இலைக்கு நாலு முதலாளி. மரம் நடைபாதை ஓரத்துல நின்னா கவுண்டி. பழைய சர்ச் மயானத்துக்குள்ள நின்னா, பல ஊர்ல டவுன் கவுன்சில், அதாவது அந்த ஊருக்கு மட்டுமான உள்ளாட்சி. இலை காம்பை விட்டுத் தெருவுல விழுந்த நிமிஷம் அது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் சொத்து. தெருவைச் சுத்தமா வச்சுக்கணும்னு 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அவங்க தலையிலதான் கட்டியிருக்கு. காத்துல உருண்டு வடிகாலுக்குள்ள இறங்கினா மறுபடி கவுண்டி. அது 1980 நெடுஞ்சாலைச் சட்டம். உள்ள இருக்கிற குழாய் வழியாப் பொதுச் சாக்கடையில சேர்ந்துட்டா தண்ணீர் கம்பெனி. நாலு பேருக்கும் சேர்த்துத்தான் வருஷாவருஷம் கட்டுறோம், கவுன்சில் வரி, தண்ணி பில்லுன்னு. ஆனா நாலு பேர்ல குனிஞ்சு அந்த இலையை எடுக்க ஒருத்தர் கிடையாது. நடுவுல, வடிகால் மூடிக் கம்பி மேல, பாதி வெளியிலயும் பாதி உள்ளயுமா ஒட்டிக்கிட்டு நிக்குதே, அந்த இலை யாருக்குச் சொந்தம்? அதுக்குத்தான் இன்னும் சட்டம் போடல.

ஆய்வாளருக்கே தெரிஞ்சிருக்குமான்னு சந்தேகமா இருக்கிறதால அந்த வடிகால் எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்லிடுறேன். ரோடு நடுவுல மேடா, ஓரத்துக்குச் சரிவா இருக்கும்; நாப்பது அடிக்கு ஒரு அடிங்கிற கணக்குல. தண்ணி ஓரத்துக்கு வந்து, நடைபாதைக் கல்லை ஒட்டி ஓடி, இரும்பு மூடி வழியா இறங்கும். மூடிக்குக் கீழ ஒரு தொட்டி: சுமார் 450 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். வெளியேறுற குழாய் தொட்டியோட அடியில இருக்காது, மேல் பாதியில இருக்கும். மண்ணும் சரளையும் அடியில தங்கணும், தண்ணி மட்டும் மேல வழிஞ்சு போகணும்னு அந்த ஏற்பாடு. அதனால வெயில் நாள்லயும் உள்ள கொஞ்சம் தண்ணி நிக்கும். அது அடைப்பு இல்ல, அப்படித்தான் இருக்கணும். சாக்கடை நாத்தம் மேல வராமத் தடுக்கிறதே அந்தத் தண்ணிதான்.

அடைப்பு மூணு தினுசு. மூடி மேல இலை அப்பிக்கிறது முதல் தினுசு. ஒரு மண்வெட்டியும் ரெண்டு நிமிஷமும் இருந்தாப் போதும், "கடக்"னு தண்ணி உள்ள இறங்கும். இலையை ஒதுக்கின பிறகும் தண்ணி மூடி மட்டத்துலயே நின்னா, தொட்டி மண்ணால ரொம்பிப் போச்சுன்னு அர்த்தம். அதுக்கு உறிஞ்சுற டேங்கர் லாரி வரணும். டேங்கர் வந்து உறிஞ்சியும் மறுபடி ரொம்பினா, வெளியேறுற குழாய்லயே வேர் புகுந்திருக்கும், இல்ல குழாய் உடைஞ்சிருக்கும். அழுத்தத் தண்ணி அடிச்சு, கேமரா விட்டுப் பார்க்கணும். முதல் தினுசை அக்டோபர்ல கவனிக்காம விட்டா நவம்பர்ல ரெண்டாவது தினுசாகும். இலை ஊறி, கூழாகி, ரோட்டு மண்ணோட சேர்ந்து தொட்டிக்குள்ள இறங்கிடும்ல. ரெண்டு நிமிஷ வேலையை லாரி வேலையாக்குறதுக்குப் பேருதான் சிக்கனம்.

இலையிலயும் வித்தியாசம் இருக்கு. லைம் மரத்து (எலுமிச்சை இல்ல, இது தெருவோர நிழல் மரம்) இலை மெல்லிசு, சீக்கிரம் மக்கிடும். ப்ளேன் மரத்து இலை தோல் மாதிரி தடிப்பு, உள்ளங்கையை விட அகலம், லேசுல மக்காது. நாலு இலை போதும் ஒரு மூடியை அடைக்க. மார்க்கெட் பிளேஸைச் சுத்தி எந்த மரத்தை நட்டு வச்சிருக்காங்கன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. ஹார்ஸ் செஸ்ட்நட் இருக்கே, அது தனிக் கதை. 2002-ல இங்க வந்து சேர்ந்த ஒரு சின்ன அந்துப்பூச்சியோட புழு இலைக்குள்ளயே சுரங்கம் போட்டுத் திங்குது. ஜூலை, ஆகஸ்ட்லயே மரம் பழுப்பாகி, சீக்கிரமே கொட்ட ஆரம்பிச்சிடும். கடைசியாக் கொட்டுற ஓக் மரம் டிசம்பரைத் தொடும். ஆனா கவுன்சில் அட்டவணைப்படி "இலை சீசன்" அக்டோபர் மத்தியில தொடங்கி நவம்பர் கடைசியில முடியும். மரங்களுக்கு யாராவது மெயில் அனுப்பி வைங்கப்பா.

அட்டவணைன்னதும் ஞாபகம் வருது. காலை ஏழரைக்கு, இன்னும் சரியா விடியக்கூட இல்ல, இலையை ஊதித் தள்ளுற ப்ளோயர் மெஷினைத் தூக்கிட்டு ஒருத்தர் வருவாரு. காது கிழியும். நடைபாதையில கிடக்கிற இலையை ஒண்ணு விடாம ஊதி ஊதி ரோட்டு ஓரத்துக்குத் தள்ளுவாரு. அவர் காண்ட்ராக்ட் நடைபாதையோட முடிஞ்சுது. ரோட்டைப் பெருக்குற வண்டி வேற ஷெட்யூல், புதன்கிழமை. புதன்கிழமை என்னன்னா சந்தை நாள்! விடிகாலையிலயே கடைக்காரங்க வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, கூடாரம் அடிச்சு, மீன் கடை ஐஸைக் கொட்டிக்கிட்டு இருப்பாங்க. நூத்தாண்டுக் கணக்கா அதே கிழமையில, அதே இடத்துல நடக்கிற சந்தை. பெருக்குற வண்டி வரும், பார்க்கும், திரும்பிப் போகும். "அணுக முடியவில்லை"ன்னு எழுதிப்பாங்க. நடைபாதையில சும்மா கிடந்த இலையைத் தள்ளித் தள்ளி வடிகால் வாய்க்குள்ள ஊட்டிவிட்டது மட்டும் ஒரு வாரம் கூடத் தவறாம நடக்குது. டேங்கர் லாரி வருஷத்துக்கு ஒரு தடவை வரும். எப்போ? ஜூன்ல.

சரி, நாமளே வாரிடுவோம்னா அதுக்கும் ஆப்பு. வாரின இலையை எங்க போடுறது? பிரவுன் பின்ல, அதாவது தோட்டக் குப்பைத் தொட்டியில. 240 லிட்டர் பின், அதுக்குத் தனியா வருஷச் சந்தா. சந்தா ஏப்ரல்ல ஆரம்பிக்கும். அக்டோபர்ல சேர்ந்தாலும் முழுக் காசு. டிசம்பர் பொறந்தா குளிர்காலம்னு எடுக்கவே வர மாட்டாங்க. ஆக கவுன்சில் மரத்து இலையை, கவுன்சில் ரோட்டுல இருந்து, நம்ம முதுகு ஒடிய வாரி, நம்ம காசுல வாங்கின சந்தாவுல கவுன்சிலுக்கே திருப்பிக் கொடுக்கிற பாக்கியம் நமக்கு. சாதாரணக் குப்பைக்கான கறுப்புப் பின்ல போட்டா மூடியில ஸ்டிக்கர் ஒட்டி, எடுக்காமப் போவாங்க. குப்பைப் பையில போட்டு நாலு ஓட்டை குத்தி, கொல்லைப்புறத்துல ரெண்டு வருஷம் வச்சா அருமையான உரமாகும்னு தோட்டக்கலை அன்பர்கள் சொல்வாங்க. வாசல் நேரா நடைபாதையில திறக்கிற ரெண்டு ரூம் வரிசை வீட்டுல கொல்லைப்புறத்துக்கு எங்க போறது?

அந்த வரிசை வீடுகளை நினைச்சாத்தான் இன்னும் எரியுது. நடைபாதைக் கல்லு ரோட்டை விட நாலு அஞ்சு இஞ்ச் உசரமா இருக்கணும். பழைய தார் மேலயே புதுத் தார், அது மேல இன்னொரு தார்னு போட்டுப் போட்டு, இப்போ பல இடத்துல ஒண்ணரை இஞ்ச்தான் மிச்சம். வடிகால் அடைச்சா தண்ணிக்கு அடுத்த வழி வாசப்படி. சுவத்துல தரையோட தரையா இருக்கிற காத்தோட்டக் கல்லு வழியா மரப்பலகைத் தரைக்கு அடியில போயிடும், கண்ணுக்கே தெரியாது. ஜனவரியில பூஞ்சை வாடை அடிக்கும்போதுதான் தெரியும்.

அதனால, கோவத்துலயும் நிதானமாச் சிலது செய்யுங்க. மழை அறிவிப்பு வந்தா முந்தின நாளே மூடி மேல இருக்கிற இலையை மட்டும் ஒதுக்குங்க. மூடியைத் தூக்காதீங்க, வார்ப்பிரும்பு, விரல் போயிடும். புகார் பண்ணும்போது காஞ்ச நாள் போட்டோ வேண்டாம். மழையில தண்ணி நிக்கும்போது, வீட்டு நம்பரும் நடைபாதைக் கல்லும் சேர்ந்து தெரியிற மாதிரி எடுங்க. "அடைப்பு"ன்னு மட்டும் எழுதாதீங்க; "இலையை அகற்றிய பிறகும் மூடி மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது"ன்னு எழுதுங்க, டேங்கர் வேணும்னு அவங்களுக்கே புரியும். புகாரை அவங்க முடிச்சுவச்சா மறுபடி திறங்க. புகார் எண்ணைப் பத்திரமா வைங்க. நாளைக்கு யாராவது வழுக்கி விழுந்து நஷ்டஈடு கேட்டா, நியாயமான அக்கறை எடுத்துக்கிட்டோம்னு கவுண்டி வாதாட அதே 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தோட 58-வது பிரிவுல வழி இருக்கு. உங்க புகார் பதிவுல இருந்தா "எங்களுக்குத் தெரியவே தெரியாது"ன்னு அவ்வளவு சுலபமாச் சொல்ல முடியாது.

கவுண்டியையும் டிஸ்ட்ரிக்ட்டையும் சேர்த்து ஒரே கவுன்சில் ஆக்கிட்டா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. ஷ்ராப்ஷயர்ல 2009-லயே ஆக்கிட்டாங்க, சாமர்செட்லயும் வடக்கு யார்க்‌ஷயர்லயும் 2023-ல. மிச்ச இடத்துலயும் ஆக்கப் போறோம்னு 2024 டிசம்பர்ல அரசாங்கம் வெள்ளை அறிக்கை விட்டிருக்கு. ஆகட்டும். அப்போ "அது வேற கவுன்சில்"ங்கிறது "அது வேற டிபார்ட்மென்ட்" ஆகும். லெட்டர்பேடு புதுசா இருக்கும்.

இதுக்கு நடுவுல, சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. குளிர்காலத்துக்குன்னு நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிவிட்ட புண்ணியம். இருட்டுல அந்தக் குட்டையை ஒட்டி நடந்து போனா, ஒரு புண்ணியவான் வேகத்தைக் குறைக்காமக் காரை அதுக்குள்ள விடுவான். இடுப்பு வரைக்கும் அபிஷேகம். 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அது குத்தம். 100 பவுண்டு அபராதம், லைசென்ஸ்ல மூணு பாயின்ட். யாரு பிடிக்கிறது? இலைக்கூழ் கண்ணுல இருக்கும்போது நம்பர் பிளேட்டா தெரியும்? சிரிப்புதான் வருது. வேற என்ன வரும்.

இதை விடுங்க. செப்டம்பர் முதல் வாரமே சூப்பர்மார்க்கெட்ல மின்ஸ் பைங்கிற (mince pie) கிறிஸ்துமஸ் பலகாரத்தை மலை மலையாக் குவிச்சு வச்சிருந்தானே, அந்த டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்தீங்களா? நவம்பர்! கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே கெடு முடியிற கிறிஸ்துமஸ் பலகாரத்தை யாருய்யா வாங்குறது? அதுலயும் போன வருஷம் ஆறு இருந்த அதே டப்பாவுல இப்போ நாலு!