சிவப்பு மையில் எட்டுப் பெயர்கள்

வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியர் அனுப்பி வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். மேலே ஐந்து பேருக்கு நட்சத்திரம், கீழே எட்டுப் பெயர்கள் சிவப்பு மையில். அந்த எட்டில் ஒன்று என் மகளுடையது. கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். கோபம் போகிற மாதிரி தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்காகத் தேர்வு வைக்கிறோம்? நாளை காலை அதற்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிவதற்காக. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கே காட்டிய அந்தப் பட்டியலைப் பார்த்து நாளை எதைச் சொல்லித்தருவது என்று யாராவது சொல்ல முடியுமா?

என் மகளின் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒருவரிடம் எட்டு லீச்சி, இன்னொருவரிடம் ஐந்து. ‘ஹௌ மெனி மோர்’ என்று கேள்வி. அவள் பதின்மூன்று என்று எழுதியிருக்கிறாள். ‘மோர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டாள். அதே கேள்வியை எங்கள் வீட்டு மொழியான கிரியோலில் கேட்டேன். விரலைக்கூட மடக்கவில்லை, மூன்று என்றாள். அவளுக்குக் கழித்தல் வரும். அந்த ஆங்கிலச் சொல்தான் வரவில்லை. வீட்டில் கிரியோல், பாடநூலும் கேள்வித்தாளும் ஆங்கிலத்தில், அப்புறம் பிரெஞ்சு, அதற்கு மேல் தமிழ். மொரிஷியஸில் பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்தது வெறும் எண். கழித்தல் தெரியும், சொல் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு அது போதும்.

‘பெற்றோருக்குப் பிள்ளையின் நிலைமை தெரிய வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். கட்டாயம் தெரிய வேண்டும். என் பிள்ளையின் நிலைமை எனக்குத் தெரியட்டும், எதிர்வீட்டுக்கு எதற்கு? ‘உலகமே போட்டிதானே’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை அவள்.

‘டீச்சர், நீங்களே இன்னொரு ஆசிரியரைக் குறை சொல்லலாமா?’ என்று ஒரு தம்பி தனியாக எழுதிக் கேட்டார். குறை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. நானும் தொடக்கப் பள்ளியில்தான் தமிழ் சொல்லித்தருகிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு பக்கம். யாருக்கு ல, ள குழம்புகிறது, யார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதிவைப்பேன். மார்ச்சில் ஒரு பையனுக்கு ‘மரம்’ என்று சொல்லவே வரவில்லை, தொண்டையிலிருந்து பிரெஞ்சு ரகரம்தான் வந்தது. ஆகஸ்டில் நாக்கு நுனியில் வந்துவிட்டது. தாளில் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அவனுக்கு ஒரே மதிப்பெண். அந்த ஒரு ரகரத்துக்கு அவன் ஐந்து மாதம் பட்ட பாடு என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் இது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிவப்புப் பேனா எடுத்துக் கோடு போட்டு, படம் பிடித்து அனுப்ப நேரம் கிடைத்ததே.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், எங்கள் வீட்டில் இது முதல் முறை இல்லை. என் அண்ணன் சி.பி.இ. என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். அந்தக் காலத்தில் அதற்கு மேல் வழியில்லை, பன்னிரண்டு வயதில் கராஜுக்கு வேலைக்குப் போனார். ‘லாதெத் தீர்’, மண்டை கெட்டி என்று சொந்தக்காரர்கள் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தேர்தல் நாளில் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது இன்னமும் வயிற்றைப் பிசைகிறது என்பார். அவருடைய பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் அண்ணிதான் போனார்.

2017-இல் சி.பி.இ. போய், அதன் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. என்ற புதிய தேர்வு வந்தபோது அண்ணனை நினைத்து நான் அழுதேன். அறிவியலையும் வரலாறு-புவியியலையும் பிரித்து, ஐந்தாம் வகுப்பிலேயே ஒரு பகுதியை எழுதிவிடலாம் என்றார்கள். ஒரே நாளில் தலையெழுத்து தீர்மானமாகாது என்று சந்தோஷப்பட்டேன். தேர்வின் பெயர் மாறியது, நம் மனசு மாறவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி டியூஷன் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இருந்தும் இரண்டாம் வகுப்புக்கு ‘லெசோன்’ எங்கே நடக்கிறது என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள்.

தமிழ் வகுப்பிலும் இதே கதைதான். ஜனவரியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரின் முதல் கேள்வி, ‘தமிழ் எடுத்தால் மொத்த மதிப்பெண்ணில் சேருமா?’ பாட்டி பேசிய மொழி, காவடிக்குப் பாடுகிற மொழி, ஆனால் கேள்வி அதுதான். அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. தமிழ், இந்தி, உருது போன்ற கீழ்த்திசை மொழிகளைச் சி.பி.இ. தரவரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் 1995-இல் அரசியலமைப்புத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் தோற்று, தேர்தலே வந்தது. இதே விஷயத்தில் நடந்த வழக்கு, நம் நாட்டுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1998-இல்தான் முடிந்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளின் வரிசைக்காக இத்தனை ஆண்டு அடித்துக்கொண்ட நாம், அந்தப் பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று அதே வேகத்தில் எப்போதாவது கேட்டோமா?

‘அப்படியானால் தேர்வே வேண்டாமா?’ வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப அதையே என் வாயில் திணிக்காதீர்கள். தேர்வு வையுங்கள், தாளைப் பாருங்கள், எங்கே தடுக்கி விழுந்தது என்று பாருங்கள், அடுத்த நாள் அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

சனிக்கிழமை காலையில் என் மகள் தன் கலர்ப் பெட்டியைத் திறந்து சிவப்புப் பென்சிலை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

நாளை அவளுடைய ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். சண்டைக்கு இல்லை. கணக்குத் தாளையும் என் நோட்டையும் கொண்டுபோய், லீச்சிக் கணக்கைக் காட்டுவேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படம் இன்னும் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். மற்ற ஏழு பிள்ளைகளின் அம்மாக்களில் சிலர் இந்தப் பதிவையும் படிப்பார்கள்.