கூச்சி வாங்கியது கழிப்பறைப் பீங்கான் கம்பெனியை அல்ல

"1735 முதல் கழிப்பறைப் பீங்கான் மட்டுமே செய்துவந்த இத்தாலியக் கம்பெனியை கூச்சி வாங்கிவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஆண்டு சரி, கூச்சி என்ற இத்தாலிய ஃபேஷன் கம்பெனி ஒன்றை வாங்கியதும் சரி, ஆனால் வாங்கியது எதை என்பதில்தான் குழப்பம்.

1735-ல் ஃபிளாரன்ஸ் பக்கத்தில் தோச்சா என்ற இடத்தில் கார்லோ ஜினோரி தொடங்கியது தட்டு, கோப்பை, சிலை செய்யும் பீங்கான் பட்டறை. 1896-ல் அது மிலானின் ரிச்சர்ட் கம்பெனியோடு சேர்ந்து ரிச்சர்ட்-ஜினோரி ஆனது. நொடித்துப்போன இந்த மேசைப் பீங்கான் கம்பெனியைத்தான் 2013-ல் கூச்சி வாங்கியது.

அப்போ கழிப்பறைப் பொருள்கள்? அது பொத்ஸி-ஜினோரி என்ற வேறொரு பிராண்ட். பெயரில் பாதி ஒன்று என்பதால்தான் இந்தக் குழப்பம். அந்த பிராண்ட் சானிடெக் என்ற கழிப்பறைப் பீங்கான் குழுமத்தின் கையில் இருந்தது, சானிடெக்கை 2015-ல் சுவிட்சர்லாந்தின் கெபெரிட் கம்பெனி வாங்கியபோது அதுவும் சேர்ந்து போனது. கெபெரிட்டின் 2015 ஆண்டறிக்கையிலும் ஜினோரியின் இணையதளத்திலும் நீங்களே பார்க்கலாம்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.