போலீஸ் கிராப்பும் கறுப்புப் பூட்ஸும்

(அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு பழைய முடிதிருத்தகம். நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் வால்ட்டர். பின்னால் கத்தரிக்கோலுடன் பிராங்க். சுவரில், அந்நகரின் பழைய கோல்ட்ஸ் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜானி யூனிட்டஸ் 19ஆம் எண் சட்டையணிந்து நிற்கும் படம். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையால் எறிந்து அணியை நடத்துபவர். அப்படியானால் அதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்பதை இவ்விருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை.)

பிராங்க்: வழக்கம்போல் யூனிட்டஸ் மாதிரி போலீஸ் கிராப்தானே?

வால்ட்டர்: இந்த முறை சற்று நாகரிகமாக வெட்டிவிடும். சனிக்கிழமை என் பேத்திக்குத் திருமணம். மாப்பிள்ளையின் ஊரில் நடக்கிறது.

பிராங்க்: மிக்க மகிழ்ச்சி. எந்த ஊர்?

வால்ட்டர்: மேற்கே.

பிராங்க்: மேற்கே கலிபோர்னியாவும் இருக்கிறது. ஊருக்குப் பெயர் இல்லையா?

வால்ட்டர்: இண்டியானாபொலிஸ்.

(கத்தரிக்கோல் நின்றுவிட்டது. வால்ட்டரின் தலையில் இடப்பக்கம் மட்டுமே வெட்டப்பட்டிருக்கிறது.)

பிராங்க்: 1984 மார்ச் மாதக் கடைசியில், பனி கொட்டிய ஓர் இரவில், நம்முடைய கோல்ட்ஸ் அணியைத் தலைக்கவசம் முதல் தட்டுமுட்டுச் சாமான் வரை மேஃபிளவர் நிறுவன லாரிகளில் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் எந்த ஊரை நோக்கி ஓடினார்களோ அந்த ஊருக்கா? அணியைப் பறிகொடுத்தது போதாதென்று இப்போது பெண்ணையும் கொடுக்கிறீரா?

வால்ட்டர்: அணி சொல்லாமல் போனது. இவள் சொல்லிவிட்டு, பட்டப்பகலில், விமானத்தில் போகிறாள். என் கவலை வேறு. மாப்பிள்ளையின் தாத்தா தொலைபேசியில் பேசும்போது, "எங்கள் கோல்ட்ஸ், எங்கள் யூனிட்டஸ்" என்று சொல்லிவிட்டார்.

பிராங்க்: நீர் என்ன பதில் சொன்னீர்?

வால்ட்டர்: இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பிராங்க்: யூனிட்டஸ் அந்த ஊருக்காக ஒரு பந்துகூட எறிந்ததில்லை. அணி போன பிறகு அதனோடு எல்லா உறவையும் முறித்துக்கொண்டு, கடைசிவரை தான் பால்டிமோர்க்காரன் என்றே வாழ்ந்தவர். 1955இல் அவரைத் தேர்ந்தெடுத்த பிட்ஸ்பர்க் அணி, ஒரு போட்டியில்கூட இறக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பகலில் கட்டட வேலை செய்துகொண்டு, போட்டிக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர்க் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவரை மறு ஆண்டு அழைத்து ஆடவைத்தது நம் ஊர்தான். இதை அந்தத் தாத்தாவிடம் பந்தியில் வைத்தே சொல்லும்.

வால்ட்டர்: 1958ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைப் பற்றியும் சொல்லப்போகிறேன். நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நானே நேரில் பார்த்தவன் அல்லவா!

பிராங்க்: நேரில் பார்த்தீரா?

வால்ட்டர்: என் மாமா அழைத்துப்போனார். டிசம்பர் 28. கடைசி நொடிகளில் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து, மூன்று புள்ளி தரும் பீல்டு கோல் அடித்து 17–17 என்று சமன் செய்தோம். பிறகு கூடுதல் நேரம். மூன்றே புள்ளிகள் போதும் என்ற நிலையில், கோல் கோட்டருகே வேறு எவனாக இருந்தாலும் பந்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு பீல்டு கோலுக்குக் காத்திருப்பான். யூனிட்டஸ் துணிந்து எறிந்தார், அடுத்த நகர்விலேயே நம் அமீச்சி பந்தோடு கோல் கோட்டுக்குள் புகுந்தார், 23–17.

பிராங்க்: கூடுதல் நேரத்தின் நடுவில் தொலைக்காட்சிப் படம் அறுந்துபோனதே, அப்போது எப்படி இருந்தது?

வால்ட்டர்: அதை ஏன் கேட்கிறீர்! என் தந்தை பெட்டியின் தலையில் ஓங்கி அறைந்தார், அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார், நான் அழுதே...

(நீண்ட அமைதி.)

பிராங்க்: யாங்கி ஸ்டேடியத்தில் உம்முடைய அம்மாவும் இருந்தார்களா?

வால்ட்டர்: நீர் முடியை வெட்டும்.

பிராங்க்: வெட்டுகிறேன். தொடர்ந்து 47 போட்டிகளில் பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன் ஒன்றாவது எறிந்தார் என்பதையும் மறவாதீர்.

வால்ட்டர்: அந்தச் சாதனையைத்தான் 2012இல் குவார்ட்டர்பேக் டுரூ பிரீஸ் முறியடித்துவிட்டாரே.

பிராங்க்: 52 ஆண்டுகள் நின்ற சாதனை! அதுவும் யூனிட்டஸ் மறைந்து பத்து ஆண்டு கழித்துத்தான் முறியடிக்க முடிந்தது. மேலும், அந்தக் காலத்தில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை வழி நெடுக இடித்துத் தள்ளலாம். இன்றோ குவார்ட்டர்பேக்கின் சட்டை கசங்கினாலே நடுவர் தவறென்று கொடியை வீசிவிடுகிறார். அடுத்து என்ன உத்தியில் ஆடுவது என்பதையும் அவரே களத்தில் நின்று முடிவு செய்தார். இக்காலத்துப் பிள்ளைகளைப் போலத் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரலைக் கேட்டுக்கொண்டு ஆடவில்லை.

வால்ட்டர்: ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2002 செப்டம்பரில் அவர் இறந்தபோது, அவருடைய கணுக்கால் மூடிய கறுப்புப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆடி அஞ்சலி செலுத்த அனுமதி கேட்ட குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங், அந்த இண்டியானாபொலிஸ்க்காரர்தான்.

பிராங்க்: போட்டிகளை நடத்தும் லீக் 25,000 டாலர் அபராதம் என்று மிரட்டியதும் போடாமலே விட்டுவிட்டாரே! நம் ஊரின் இப்போதைய அணியான ரேவன்ஸின் கிறிஸ் ரெட்மன் கேட்காமலே போட்டுக்கொண்டு ஆடினார். 5,000 டாலர்தான் அபராதம். அனுமதி கேட்டால் விலை ஏறிவிடுகிறது என்பது அன்று தெரிந்தது.

வால்ட்டர்: நானும் திருமணத்துக்குக் கறுப்புப் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். மனைவியிடம் கேட்கவில்லை.

பிராங்க்: கேட்காதீர். அபராதம் குறையும்.

வால்ட்டர்: நம் கோல்ட்ஸின் பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றியும் சொல்லவா?

பிராங்க்: கட்டாயம் சொல்லும். லாரிகள் வந்த இரவில் அந்தக் குழுவின் சீருடைகள் சலவைக் கடையில் இருந்ததால் தப்பின. அணியே இல்லாமல் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இல்லாமல் ஊர்வலம் நடத்திய ஒரே ஊர் நம்முடையதுதான் என்று சொல்லி, இரவோடு இரவாக இன்னொருவன் அணியைக் கொண்டுபோவது எப்படிப்பட்ட ஈனச்செயல் என்று ஒலிபெருக்கியிலேயே கேளும்.

வால்ட்டர்: அதில்தான் ஒரு சிக்கல். மாப்பிள்ளையின் தாயார் கிளீவ்லாந்துக்காரர்.

(பிராங்க் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியின் விளிம்பில் சாய்கிறார்.)

பிராங்க்: கிளீவ்லாந்தா?

வால்ட்டர்: கிளீவ்லாந்தேதான். 1996இல் அவர்களுடைய பிரவுன்ஸ் அணியின் ஆட்களை இங்கே கொண்டுவந்துதானே நாம் ரேவன்ஸ் என்று புதுப்பெயர் வைத்தோம்?

பிராங்க்: நாம் வைக்கவில்லை. அதன் முதலாளி தாமாகவே வந்தார். நாம் அரங்கம் மட்டுந்தான் கட்டிக்கொடுத்தோம்.

வால்ட்டர்: இண்டியானாபொலிஸ் தாத்தாவும் சரியாக இதையேதான் சொன்னார்.

பிராங்க்: இணைப்பு சரியில்லை என்று சொன்னீரே!

வால்ட்டர்: அதுவரைக்கும் சரியாக இருந்தது.

பிராங்க்: அப்படியானால் கேளும். அந்த அம்மையார் இருக்கும் இடத்தில் அணி, லாரி, முதலாளி என்ற சொற்கள் உமது வாயிலிருந்து வரவே கூடாது. வானிலையைப் பற்றி மட்டும் பேசும்.

வால்ட்டர்: பனி பெய்வதைப் பற்றிப் பேசலாமா?

பிராங்க்: பனியும் வேண்டாம். தலையைக் குனியும், வலப்பக்கத்தை முடித்துவிடுகிறேன்.