வயசை மட்டும் பார்த்தால் போதாது

"25 வருடம் ஓடிய குழாய், கலன் எதுவானாலும் கழித்துக்கட்டிவிட வேண்டும்" என்கிறது ஆலைப் பாதுகாப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. தடிமன் அளக்கும் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பெயின்டைச் சுரண்டி, ஜெல் தடவி, புரோபை (ஒலி அலையால் தடிமன் அளக்கும் கருவியின் முனை) வைத்தால் திரையில் ஒரு எண் வரும். 12 மி.மீ. தகடு 14 வருடத்தில் 9.2 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 0.2 போகிறது. அழுத்தம் தாங்க 7 போதும் என்றால் இன்னும் 11 வருடம் கையில் இருக்கிறது. அதில் பாதி முடிவதற்குள் மறுபடி அளந்துவிட வேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

சிக்கல், புரோபை எங்கே வைத்தோம் என்பதில். கலிபோர்னியாவில் ரிச்மண்ட் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஆகஸ்டில் கிழிந்த 8 அங்குலக் குழாய் 1976-இல் போட்டது. அளந்ததெல்லாம் பக்கத்து எல்போக்களில், அதாவது வளைவுத் துண்டுகளில். அங்கே தேய்மானம் குறைவு. எஃகில் சிலிக்கான் குறைவாக இருந்த ஒரு நேர்த்துண்டு மட்டும், அதனாலேயே, கந்தக அரிப்பில் மெலிந்துகொண்டே போனது. கசிந்தது தீப்பிடித்தது. 19 ஊழியர்கள் மயிரிழையில் தப்பினார்கள். புகையால் சுமார் 15,000 பேர் சிகிச்சைக்குப் போனார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒரு குழாய் மேல் சுற்றிய இன்சுலேஷனைப் பிரிக்கச் சொன்னதற்கு, "போன தடவை ரீடிங்கையே போட்டுடுங்க சார்" என்ற மேனேஜரையும் பார்த்திருக்கிறேன். பிரித்தால் உள்ளே துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்தக் குழாய்க்கு வயசு ஆறுதான்.