டினியன் தீவு குழிக்குள்ள அணுகுண்டு எதுவும் புதைஞ்சு கிடக்கல

பசிபிக்ல டினியன் தீவுல கண்ணாடி கூண்டு போட்டு மூடின ஒரு குழியோட போட்டோவ போட்டு, ஜப்பான் மேல போடாத மூணாவது அணுகுண்டு இதுக்குள்ள தான் இருக்கு, கதிர்வீச்சுக்கு பயந்து தான் மூடிட்டாங்கன்னு ஒரு பார்வர்டு சுத்துது. சுத்தப் பொய்ங்க இது, தயவுசெஞ்சு யாரும் ஷேர் பண்ணாதீங்க.

அது குண்டு ஏத்துறதுக்காக தோண்டின குழி. ஹிரோஷிமா மேல போட்ட லிட்டில் பாய் குண்டு கிட்டத்தட்ட 4,400 கிலோ, நாகசாகி மேல போட்ட ஃபேட் மேன் அதவிட வெயிட்டு, ரொம்ப குண்டாவும் இருக்கும், வழக்கமா மத்த குண்ட ஏத்துற மாதிரி பி-29ங்கிற அமெரிக்க குண்டுவீச்சு விமானத்துக்கு அடியில தள்ளிட்டு போக இடமே பத்தாது. அதனால குண்ட முதல்ல குழிக்குள்ள இறக்கிடுவாங்க, விமானத்த பின்னாடியே தள்ளிட்டு வந்து குழிக்கு நேரா நிறுத்துவாங்க, அப்புறம் ஹைட்ராலிக் லிஃப்ட் வச்சு குண்ட மேல தூக்கி வயித்துக்குள்ள மாட்டுவாங்க. 1945 ஆகஸ்ட் 6, 9 ரெண்டு நாளும் குண்டு போட்ட விமானங்க இந்த தீவுலேருந்து தான் கிளம்புச்சு.

மூணாவது குண்டுக்கான புளுட்டோனியம், அதாவது உள்ள வெடிக்கிற பொருள், அமெரிக்காவ விட்டே வெளிய வரல, அதுக்குள்ள ஜப்பான் சரணடைஞ்சிடுச்சு. அணுகுண்டு எதுவும் இங்க வெடிக்கவும் இல்ல, அதனால கதிர்வீச்சுக்கு பயந்து மூடினதும் இல்ல. போருக்கப்புறம் மண்ணு போட்டு மூடின குழிய, பின்னாடி திரும்ப தோண்டி, ஜனங்க பாக்கட்டும்னு தான் கண்ணாடி போட்டாங்க.

இன்னொன்னு, இந்த இடம் முழுக்க அமெரிக்கா கட்டினதுன்னும் அந்த பார்வர்டுல இருக்கு, அதுவும் தப்பு. அவங்க 1944ல தீவ பிடிக்கிறதுக்கு முன்னாடியே ஜப்பான்காரங்க விமானதளம் இருந்துச்சு, அவங்க கட்டின கான்கிரீட் கட்டடங்க இன்னும் நிக்குது. அத பெருசாக்கி, பவளப்பாறைய உடைச்சுப் போட்டு 8,500 அடி நீளத்துல நாலு ரன்வே போட்டது தான் அமெரிக்கா.