அந்த நாலு நாளுக்காகவா கார் வாங்குகிறோம்?

போன வாரம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணன் என் ஆல்டோவைப் பார்த்ததும், "பின்னாடி டூ வீலர் பக்கம் போட்டுடுங்க மேடம்" என்று கையைக் காட்டினார். முன்னால் இடம் காலியாகத்தான் இருந்தது. எனக்கு அடுத்து வந்த பெரிய வண்டிக்கு அவரே ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கோபம் வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது. சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பையோடு வெளியே வந்தால், முன்வரிசை வண்டிகள் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நிற்க, உள்ளே மைக்கில் வண்டி நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பைக்குகளுக்கு நடுவே புகுந்து இரண்டு நிமிடத்தில் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் இருப்பது ஸ்ரீரங்கம். பள்ளிக்கூட வேலை லால்குடி பக்கம். கொள்ளிடம் பாலம், நம்பர் 1 டோல்கேட், வாளாடி என்று போக 20, வர 20 கிலோமீட்டர். ஓட்டுவது 2014 மாடல் ஆல்டோ 800. 2018-இல் இரண்டாவது கையாக, இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கியது. முன் ஜன்னல் கண்ணாடிக்கு பட்டன், பின் ஜன்னல் கண்ணாடிக்குக் கையால் சுற்றுகிற கைப்பிடி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கைப்பிடி ஒரு விளையாட்டுச் சாமான். அக்கா பிள்ளைகள் வந்தால் அதைச் சுற்றுவதற்கென்றே ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை நடக்கும்.

"டீச்சர், எப்போ பெரிய வண்டி எடுக்கப் போறீங்க?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. ஸ்டாஃப் ரூமில், சொந்தக்காரர் வீட்டில், ஏன், பெட்ரோல் பங்கில்கூடக் கேட்டிருக்கிறார்கள். சின்ன கார் என்றால் ஓட்டப் பழகுகிற வண்டி, லேடீஸ் வண்டி, கையில் காசு சேரும்வரை ஓட்டுகிற வண்டி. அதிலேயே ஒருத்தி திருப்தியாக இருப்பாள் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறார்கள்.

இதே அளவு வண்டி ஒரு காலத்தில் எப்பேர்ப்பட்ட கௌரவம்! 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுத்த மாருதி 800-இல் இருந்ததும் 796 சிசி, மூன்று சிலிண்டர்தான். என் ஆல்டோவில் இருப்பதும் 796 சிசி, மூன்று சிலிண்டர்தான். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் அந்த வண்டி வைத்திருந்தவர் ஒரே ஒரு டாக்டர். அவர் வண்டி தெருவில் நுழைந்தால் நாங்கள் கிட்டிப்புள்ளை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று பார்ப்போம். வண்டி அப்படியேதான் இருக்கிறது, நம் கண்தான் பெருத்துவிட்டது. டாடா நானோவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2008-இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நாடே கொண்டாடியது. கடைசியில் அந்த 'மலிவு' என்ற பட்டமே அதற்கு எமனாகிவிட்டது. மிக மலிவான கார் என்று அதை விற்றது துரதிர்ஷ்டம் என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் கார் வாங்கும்போது சொல்கிற காரணங்களைக் கவனியுங்கள். "தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போகணும்ல?" "குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேர் போகணும்." "வருஷத்துக்கு ஒரு தடவை கொடைக்கானல்." கூட்டிப்பார்த்தால் வருஷத்தில் நாலு நாள், மிஞ்சிப்போனால் பத்து நாள். அந்த நாட்களுக்காக 15 லட்சம் கடன் வாங்கி, மீதி 355 நாளும் ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒற்றை ஆளாக ஆபீஸ் போய் வருகிறோம். அந்த நாலு நாளுக்கு ட்ராவல்ஸில் ஒரு இன்னோவாவை வாடகைக்கு எடுத்தால் என்ன குறைந்துவிடும்? டிரைவரும் வருவார், வீட்டுக்காரரும் பின் சீட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்னலாம்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு 220 பள்ளி நாள். மொத்தம் 8,800 கிலோமீட்டர். என் வண்டி டவுனும் ரோடுமாகச் சேர்த்து லிட்டருக்கு 18 கொடுக்கிறது. அப்படியானால் 489 லிட்டர். 11 கொடுக்கிற பெரிய பெட்ரோல் வண்டிக்கு 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்கு 31,000 ரூபாய் வித்தியாசம். டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் இதில் சேரவில்லை. 12 இன்ச் டயர் மாற்றுகிற செலவைப் பெரிய வண்டிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் போகிற போக்கே தனி.

காசை விடுங்கள், ஓட்டுகிற சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாளாடியைத் தாண்டினால் அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ஓரத்தில் கல் வைத்து, மேலே ஒரு குச்சியில் சிவப்புத் துணி. மீதிப் பாதியில் எதிரே மினி பஸ் வரும். என் வண்டியின் அகலம் ஐந்து அடிக்குள். நெல்லிலும் ஏறாமல் வயலிலும் இறங்காமல் ஒதுங்கிவிடுவேன். நெல்லைத் துழாவிக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காது. பெரிய வண்டி வந்தால் துடைப்பத்தோடு எழுந்து நிற்கும்.

ஸ்ரீரங்கத்துக்குள் சொல்லவே வேண்டாம். வைகுண்ட ஏகாதசி சமயத்திலும் சித்திரைத் தேர் சமயத்திலும் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வண்டியைக் கொண்டுவந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வண்டி திரும்ப 4.6 மீட்டர் ஆரம் போதும். மற்றவர்கள் ரிவர்ஸ், முன்னே, ரிவர்ஸ் என்று மாவாட்டும் இடத்தில் நான் ஒரே ஒடியில் திரும்பிவிடுவேன். என் தம்பி தன் பெரிய வண்டியில் வந்திருந்தபோது, அடையவளஞ்சான் வீதியிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் நின்று, கடைசியில் வண்டியை ஆற்றங்கரைப் பக்கம் போட்டுவிட்டு நடந்து வந்தான். மறுநாள் காலையில், "அக்கா, உன் வண்டிச் சாவி எங்க?" என்றான். கொடுத்தேன், வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக.

பலமும் பலவீனமும் எனக்கு ஒரே நாளில் புரிந்தது கொல்லிமலையில். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நான், வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர். டிக்கியில் புளியோதரைத் தூக்கு, தண்ணீர் கேன். வண்டியே கிட்டத்தட்ட 700 கிலோதான். ஆளும் சாமானும் சேர்ந்து 300 கிலோ ஏறினால் அதற்கு அது எவ்வளவு பெரிய சுமை! அதோடு ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வளைவு ஜோராகத்தான் ஏறினேன். அப்புறம் ஒரு வளைவில் மூன்றாவது கியரிலேயே திருப்பினேன் பாருங்கள், உதறியது, இருமியது, அணைந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து மறுபடி ஸ்டார்ட் செய்து எடுக்கப் பார்த்தால் பின்னால் உருள்கிறது. மறுபடி. மறுபடி. கிளட்ச் கருகுகிற வாசனை வந்தது. மாமியார் கந்த சஷ்டி கவசம் ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஒரு பஸ்.

பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஜன்னலில் குனிந்து, "ஏசிய நிறுத்துங்கம்மா மொதல்ல. ஹேண்ட்பிரேக்க விடாதீங்க. ஃபர்ஸ்ட்ல போட்டு, மூக்கு தூக்குதான்னு பாத்துட்டு அப்புறம் விடுங்க" என்றார். அப்படியே செய்தேன். பானட் லேசாக மேலே எழும்பியது. அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கை விட, வண்டி பூனைக்குட்டி மாதிரி மேலே போனது.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் காரணம் விளங்கியது. இந்த எஞ்சினின் இழுவிசை உச்சத்துக்கு வருவது நிமிடத்துக்கு 3,500 சுற்றில். மூன்றாவது கியரில் வளைவுக்குள் போய்ச் சுற்று 1,500-க்கு இறங்கிவிட்டால் அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதோ ஒன்றாவதோ போட்டுவிட வேண்டும். தப்பு என்னுடையது, வண்டி பாவம். பெரிய எஞ்சின் வண்டியாக இருந்திருந்தால் என் சோம்பேறித்தனத்தை அதுவே மூடி மறைத்திருக்கும். இது மறைக்காது. இப்போதெல்லாம் வளைவு வருவதற்கு முன்னாலேயே கை தானாகக் கியருக்குப் போகிறது. வண்டியின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றுகிறேன். சக்கரத்தில் கல் சிக்கியிருப்பதும், பெல்ட் தேய்ந்து கத்துவதும், பின்னால் ஆம்புலன்ஸ் வருவதும் எல்லாம் உள்ளே கேட்கும். மழை பெய்தால் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அது எனக்குப் பிடிக்கும்.

இனி கசப்பான விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் விளம்பரம் ஆகிவிடும்.

2014-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்ன கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என்று ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அதிலும் ஆல்டோவின் உடற்கூடே தாங்காது, ஏர்பேக் வைத்தாலும் பெரிய பயன் இருக்காது என்றார்கள். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று ஆனதே 2019 ஜூலையில்தான். என் வண்டி அதற்கு முந்தியது. அந்த மோதல் வீடியோவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

"சின்ன வண்டின்னா ஆபத்துதான், அதான் பெரிய வண்டி வாங்குறோம்" என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. இருக்கிற வாதங்களிலேயே நியாயமானது அதுதான். ஆனால் அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் பின் சீட்டில் பெல்ட் போடுகிறார்கள்? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 120-இல் போகிறவர் பாதுகாப்பு பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார். நான் 80-ஐத் தாண்டுவதில்லை. நாலு வழிச் சாலையில் ஆம்னி பஸ் ஒன்று கடந்து போனாலே காற்றில் வண்டி ஒரு பக்கமாக அசையும், அதுவே எச்சரிக்கை. ராத்திரியில் ஹைவே கிடையாது. பின் சீட்டிலும் பெல்ட் போட்டால்தான் வண்டியை எடுப்பேன். சென்னைக்குப் போவதென்றால் ரயில்தான், பல்லவனோ மலைக்கோட்டையோ. இதெல்லாம் அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கிவிடாது, தெரியும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மலிவான வண்டி வாங்குகிறவன் உயிரும் மலிவா? ஏழு பேர் வண்டியில் வைக்க முடிகிற உறுதியைச் சின்ன வண்டியில் வைத்தால் விலை ஏறும் என்கிறார்கள். ஏறட்டுமே. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டியை, செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29-ஆக இருந்ததை, 18 சதவீதமாகக் குறைத்தார்கள். மிச்சமானதில் கொஞ்சம் கூட்டை உறுதியாக்கப் போயிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம்? சின்ன வண்டியில் அலாய் வீல் இருக்கிறதா, டச் ஸ்கிரீன் இருக்கிறதா என்று கேட்கிற நாமும் ஷோரூமில் கூட்டின் உறுதியைப் பற்றிக் கேட்பதில்லை, அது வேறு.

ஆல்டோ 800-ஐ 2023-இல் நிறுத்திவிட்டார்கள். என் வண்டிக்கு ஆர்சி 2029 வரை இருக்கிறது. அதற்குள் மாற்றத்தான் வேண்டும். ஏர்பேக் ஒரு காரணம், மாமியாரின் முட்டி இன்னொரு காரணம். தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க அவருக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு ஷோரூமுக்கு அழைத்துப்போனேன். விற்பனைப் பையன் முதலில் எங்களை ஒரு பெரிய வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். மாமியார் ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ஏணி தனியா வாங்கணுமா?" என்றார். அப்புறம் கூரை உயர்ந்த ஒரு சின்ன வண்டியில் தானே கதவைத் திறந்து உட்கார்ந்தார், தானே இறங்கினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். "இது சரியா இருக்கு. ஆனா ஜன்னலுக்கு கைப்பிடியக் காணமே, பசங்க கேப்பாங்க" என்றார்.